நூற்றெண்பது எம்.பி. காலம்

கம்பெனி தந்த மென்பொருளைத் தூக்கிவிட்டு நாமே போனில் ஏற்றும் கஸ்டம் ரோம் என்றால் இன்று சுதந்திரம், தனியுரிமை, கட்டற்ற மென்பொருள் என்று கனமான சொற்களாக வந்து விழுகின்றன. 2011, 12-இல் எங்கள் விடுதியில் அந்தச் சொற்கள் எதுவும் புழங்கவில்லை. எங்களுக்கு இருந்த ஒரே பிரச்சினை இடம். சாம்சங் கேலக்ஸி ஒய் என்று ஒரு போன். மூன்று அங்குலத் திரை, 832 மெகாஹெர்ட்ஸ் ப்ராசஸர், உள்ளே சேமிப்பிடம் 180 எம்.பி. அதைவிடக் கூடுதல் விலைக்கு வந்த கேலக்ஸி ஏஸிலும் 158 எம்.பி.தான். வாட்ஸ்அப் ஏற்றினால் ஃபேஸ்புக்கைக் கழற்ற வேண்டும். ஃபேஸ்புக் வேண்டுமென்றால் மேப்ஸின் அப்டேட்டை அழிக்க வேண்டும். எல்லாம் செய்தும் ஒருநாள் இடம் போதாது என்று ஓர் எச்சரிக்கைக் குறி திரையின் மேலே வந்து உட்கார்ந்துகொள்ளும். அது வந்துவிட்டால் எஸ்எம்எஸ்கூட உள்ளே வராது.

அந்தக் குறியை விரட்டத்தான் போனை ரூட் செய்தோம், அதாவது கம்பெனி பூட்டி வைத்திருந்த முழு அதிகாரத்தையும் கையில் எடுத்தோம். ரூட் செய்துவிட்டால், கம்பெனி வைத்து அனுப்பிய, யாரும் திறந்துகூடப் பார்க்காத செயலிகளைப் பிடுங்கி எறியலாம். மெமரி கார்டை இரண்டாகப் பிரித்து, பின்பாதியை லினக்ஸ் முறையில் ஃபார்மட் செய்து, லிங்க்2எஸ்டி என்ற செயலியை வைத்துப் போனையே ஏமாற்றலாம். செயலி கார்டில் கிடக்கும், போனோ அது தனக்குள் இருப்பதாக நினைத்துக்கொள்ளும். இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ரூட் செய்தவன் ரோம் மாற்றாமல் இருந்ததில்லை, ரோம் மாற்றியவன் கெர்னலில் கைவைக்காமல் இருந்ததில்லை.

ரோம், கெர்னல் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் அப்போதே உண்டு. ரோம் என்று நாங்கள் சொன்னது போனின் மென்பொருள் முழுவதையும்: முகப்புத் திரை, செட்டிங்ஸ், டயலர், அவற்றைத் தாங்கும் ஆண்ட்ராய்டு சட்டகம் எல்லாம் சேர்ந்த ஒரு ஜிப் கோப்பு. கெர்னல் அதற்கும் அடியில் இருப்பது. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் ஹெல்சிங்கியில் மாணவராக இருந்தபோது எழுதத் தொடங்கிய அதே லினக்ஸ்தான். எங்கள் ஊர்க் குளத்துக்கு நீர்பாய்ச்சி என்று ஒருவர் இருப்பார். குளத்தில் கிடக்கும் தண்ணீர் எவ்வளவு, எந்த மடையை எப்போது திறப்பது, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் என்பதெல்லாம் அவர் கையில். வயல்காரன் தானாகப் போய் மடையில் கைவைக்க முடியாது. கெர்னல் பார்ப்பது அந்த வேலை. ப்ராசஸரின் நேரம், ரேம், திரை, கேமரா, ரேடியோ எதையும் எந்தச் செயலியும் நேரடியாகத் தொட முடியாது, கெர்னலிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். அதனால்தான் அதே போன், அதே ரோம், கெர்னலை மட்டும் மாற்றினால் காலையில் ஏற்றிய சார்ஜ் ராத்திரி வரை நிற்கும். அல்லது மத்தியானத்துக்குள் தீர்ந்துபோகும்.

ஆண்ட்ராய்டின் முதல் போனே பூட்டைச் சரியாகப் போடாமல்தான் வந்தது. 2008 அக்டோபரில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த டி-மொபைல் ஜி1-இல் ஒரு வேடிக்கையான பிழை. கீபோர்டில் எதைத் தட்டினாலும் அது திரையில் விழுவதோடு, பின்னால் ரூட் அதிகாரத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒரு கன்சோலுக்கும் போய்ச் சேரும். நண்பருக்கு எழுதும் செய்தியில் தனி வரியாக ‘ரீபூட்’ என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டினால் போன் அணைந்து எழும். கூகுள் சீக்கிரமே அதை அடைத்துவிட்டது. அதற்குள் நுழைய வேண்டியவர்கள் நுழைந்துவிட்டார்கள். 2009-இல் ஸ்டீவ் கோண்டிக் அந்தப் போனுக்காகத் தொடங்கியதுதான் சயனோஜென்மோட். அதே ஆண்டு செப்டம்பரில் கூகுளிடமிருந்து அவருக்கு வக்கீல் கடிதம்: ஜிமெயில், மேப்ஸ், மார்க்கெட் என்ற செயலிக் கடை எல்லாம் திறந்த மூலம் அல்ல, அவற்றைச் சேர்த்து வெளியிடக் கூடாது. ரோம் ஒரு ஜிப், கூகுள் செயலிகள் தனி ஜிப் என்று ஆனது அதன் பிறகுதான். விடுதியில் ரோமுக்கு அடுத்து ‘ஜிஆப்ஸ்’ என்று இரண்டாவதாக ஒன்றை ஏற்றுவோமே, அதற்கு ஒரு வக்கீல் கடிதம் காரணம் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஏற்றாவிட்டால் மார்க்கெட் வராது, அவ்வளவுதான் தெரியும்.

எங்கள் கல்லூரி திருநெல்வேலிக்குத் தெற்கே, நெடுஞ்சாலையை ஒட்டி. 2012 என்றதும் சென்னைக்கு வெளியே இருந்த யாருக்கும் முதலில் நினைவு வருவது மின்வெட்டு. ஒரு மணி நேரம் வரும், ஒரு மணி நேரம் போகும். மோசமான நாட்களில் போகிற நேரமே அதிகம். கூடங்குளம் எங்களுக்குப் பக்கம்தான் என்றாலும் அங்கே முதல் உலை மின்சாரம் தரத் தொடங்கியது 2013 அக்டோபரில். போனில் ரோம் ஏற்றும் ஃப்ளாஷ் வேலை ஓடிக்கொண்டிருக்கும்போது கம்ப்யூட்டர் அணைந்தால் போன் கதை முடிந்தது. அதனால் கரன்ட் வந்த அஞ்சாவது நிமிடம்தான் நல்ல நேரம். வந்த உடனே தொடங்கக் கூடாது, ஒருதரம் வந்து போகும்; கடைசி கால் மணியிலும் தொடங்கக் கூடாது. இந்தப் பஞ்சாங்கம் விடுதியில் எல்லோருக்கும் மனப்பாடம்.

ரோமை இறக்குவது தனிப் பாடு. சுமார் 100 எம்.பி. இருக்கும். ஏர்செல்லின் 98 ரூபாய் பாக்கெட் இன்டர்நெட் மாதம் முழுக்க ஓடும், ஆனால் 2ஜி. ராத்திரி இறக்கப் போட்டால் விடியும்போது 97 சதவீதத்தில் நின்றிருக்கும். ஆகவே திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர், ஒரு பென்டிரைவ். கோப்பு முழுதாக வந்திருக்கிறதா என்று பார்க்க எம்டி5 என்று 32 எழுத்தில் ஒரு கைரேகை உண்டு. முதல் நாலும் கடைசி நாலும் பொருந்தினால் போதும் என்பது எங்கள் வழக்கம். 2012 ஜனவரியில் அமெரிக்க அரசு மெகாஅப்லோடை மூடியபோது படம் போச்சே, பாட்டு போச்சே என்று எல்லோரும் புலம்பினார்கள். எங்களுக்குப் போனது ரோம்கள். எங்கோ ஒரு நாட்டில் ஒரு பையன் தேர்வுக்குப் படிக்காமல் உட்கார்ந்து செய்து, சேமித்து வைத்திருந்த கோப்பு, ஒரே இரவில் இல்லை.

சாம்சங்குக்கு ஓடின் என்று ஒரு விண்டோஸ் மென்பொருள். கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குள் இருக்க வேண்டியது, எப்படியோ கசிந்து ஊர் முழுக்கப் பரவியிருந்தது. வால்யூம் கீழ் பட்டன், ஹோம், பவர் மூன்றையும் சேர்த்துப் பிடித்தால் திரையில் ஆண்ட்ராய்டு பொம்மை மண்வெட்டியோடு குழி தோண்டிக்கொண்டிருக்கும். கேபிளைச் செருகியதும் ஓடினில் ஒரு கட்டம் நிறம் மாறி, கீழே ‘ஆடட்’ என்று ஒரு வரி வரும். கேலக்ஸி ஒய்க்கு ஓர் ஓபிஎஸ் கோப்பையும் காட்ட வேண்டும். அதன் பெயர் ‘டோடோரோ’ என்று தொடங்கும், சாம்சங்குக்குள் அந்தப் போனின் செல்லப்பெயர் அது. அது ஜப்பானிய அனிமேஷன் படத்தில் வரும் காட்டுப் பிராணியின் பெயர் என்பது பல வருடம் கழித்துப் படத்தைப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. ஏஸுக்குக் ‘கூப்பர்’. ‘ரீ-பார்ட்டிஷன்’ என்று ஒரு சிறிய கட்டம் இருக்கும். எல்லா வழிகாட்டிகளும் தலைகீழாக நின்று அலறும், அதில் மட்டும் டிக் அடிக்காதே என்று.

“கேபிளை ஆட்டாத லே. மூச்சக்கூட மெதுவா விடு” என்பார் விடுதியின் சீனியர் அண்ணன் ஒருவர். கோப்புகள் ஒவ்வொன்றாகப் போய்ச் சேரும். கடைசியில் கட்டம் பச்சையாகி ‘பாஸ்’ என்று வந்தால், செமஸ்டரில் கிடைக்காத பாஸ் இங்கேயாவது கிடைத்தது என்று யாராவது சொல்வார்கள். தினமும் அதே நகைச்சுவை, தினமும் சிரிப்போம்.

ரோமை ஏற்றவும் அழிக்கவும் போன் தனியாகத் திறக்கும் ரெகவரி என்ற பகுதியிலும் அப்படி மூச்சை அடக்க வேண்டிய ஓர் இடம். கௌசிக் தத்தா எழுதிய கிளாக்வொர்க்மோட் ரெகவரியில் எல்லாவற்றையும் அழிக்கும் கட்டளையைத் தேர்ந்தெடுத்தால் உடனே அழிக்காது. கறுப்புத் திரையில் வரிசையாக நோ, நோ, நோ, நோ என்று வரும். நடுவில் ஒரே ஒரு யெஸ். அதற்குக் கீழே மறுபடியும் நோக்கள். டச் கிடையாது. வால்யூம் பட்டனால் ஒவ்வொரு நோவாகத் தாண்டி யெஸ்ஸுக்கு இறங்க வேண்டும். கை தவறி அழுத்திவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. இன்றைய போன்களில் கணக்கையே அழித்துவிடும் பட்டன் நம் கட்டைவிரல் படுகிற இடத்தில் பளபளப்பாக இருப்பதைப் பார்க்கும்போது, அந்த நோ வரிசையை வடிவமைத்தவருக்கு மனிதர்களைப் பற்றி நல்ல புரிதல் இருந்தது என்று தோன்றுகிறது.

சீனியர் அண்ணன் வைத்திருந்தது கேலக்ஸி எஸ், 2010-இன் பெரிய போன். விடுதியில் அது ஒன்றுதான். அதிலும் ஒரு சங்கடம்: சாம்சங் அதில் ஆர்எஃப்எஸ் என்ற தன் சொந்தக் கோப்பு முறையைப் போட்டிருந்தது. சின்னச் சின்ன எழுத்து வேலைகள் சேரும்போது போன் அப்படியே உறைந்து நிற்கும். பிரான்ஸைச் சேர்ந்த பிரான்சுவா சிமோன் என்ற நிரலாளர் வூடூ லேக்ஃபிக்ஸ் என்று ஒரு கெர்னல் செய்தார். அதை ஏற்றி முதல்முறை ஆன் செய்தால், உள்ளே இருப்பதை எல்லாம் எடுத்து வைத்துவிட்டு, ஆர்எஃப்எஸ்ஸை அழித்து, லினக்ஸின் இஎக்ஸ்டி4 முறைக்கு மாற்றி, திரும்பவும் வைக்கும். பல நிமிடங்கள் ஆகும். அதுவரை பயனருக்குப் பதற்றம் வரக் கூடாது என்று, இயந்திரப் பெண்குரல் ஒன்று பேசி நிலவரம் சொல்லும். கரன்ட் இல்லாத ராத்திரி, அறையில் ஏழெட்டுப் பேர், நடுவில் போன் ஆங்கிலத்தில் பேசுகிறது. வார்டன் வந்து கதவைத் தட்டி, “யாருலே பொம்பளப் பிள்ள குரல்?” என்று கேட்டார். போன்தான் சார் என்று சொன்னோம். அவர் நம்பவில்லை. கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

நாங்களே கெர்னல் கட்டத் தொடங்கியது ஜூனியர்கள் வந்த பிறகு. 2011 செப்டம்பரில் அரசின் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியிருந்தது. அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் பிளஸ் டூ முடித்து வந்தவர்கள் கையில் ‘அம்மா லேப்டாப்’ இருந்தது. 2 ஜி.பி. ரேம். விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரோடு, பாஸ் லினக்ஸும் சேர்த்துப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். சென்னை சி-டாக் செய்தது, டெபியனை அடிப்படையாகக் கொண்டது. வாங்கியவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எங்களுக்கு அது புதையல். பேட்டரி வேறு இருந்ததால் கரன்ட் பஞ்சாங்கத்துக்கும் அதோடு விடுமுறை.

ரோமை விட்டுவிட்டுக் கெர்னலை மட்டும் கட்டியதற்குக் காரணம் உண்டு. முழு ஆண்ட்ராய்டையும் கட்ட 64-பிட் கணினியும் நாங்கள் கண்ணால் பார்த்திராத அளவு ரேமும் வேண்டும். கெர்னல் சின்னது. அதைவிட முக்கியம், அதன் மூலநிரல் கிடைத்தது. லினக்ஸின் உரிமம் ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு; அதை வைத்துப் பொருள் விற்பவர், தான் செய்த மாற்றங்களோடு மூலநிரலையும் கேட்பவருக்குத் தந்தாக வேண்டும். சாம்சங்கின் திறந்த மூலத் தளத்தில் மாடல் எண்ணைக் கொடுத்தால் ஒரு ஜிப் இறங்கும். ஆண்ட்ராய்டின் மேல்பகுதிக்கு அப்பாச்சி உரிமம், அதில் இந்தக் கட்டாயம் இல்லை. கேமரா, ஜிபிஎஸ், கிராபிக்ஸ் இவற்றின் மேல்பாதி மூடிய கோப்புகளாகவே வந்தது. எந்தக் கஸ்டம் ரோமை எடுத்தாலும் ‘வேலை செய்யாதவை’ பட்டியலில் கேமரா முதலில் நின்றது இதனால்தான். செய்தவரின் திறமைக் குறைவு அல்ல அது.

மேக் மெனுகான்ஃபிக் என்று கட்டளை கொடுத்தால் நீலப் பின்னணியில் சாம்பல் நிறப் பெட்டி ஒன்று விரியும். அதற்குள் நூற்றுக்கணக்கான கட்டங்கள், வேண்டியதற்கு நட்சத்திரக் குறி. எதற்கு எது என்று பாதி புரியாது. கவர்னர் என்று ஒரு பிரிவு: ப்ராசஸர் எப்போது வேகமெடுக்க வேண்டும், எப்போது அடங்க வேண்டும் என்று முடிவு செய்வது. ஆன்டிமாண்ட் என்றால் வேலை வந்ததும் உச்சத்துக்குப் பாயும். கன்சர்வேட்டிவ் படிப்படியாக ஏறும். ஸ்மார்ட்டாஸ் என்று ஒன்று, திரை அணைந்ததும் வேகத்தைக் குறைத்துவிடும். வோல்டேஜைக் கொஞ்சம் குறைத்தால் பேட்டரி நிற்கும், இன்னும் கொஞ்சம் குறைத்தால் போன் தூங்கி எழாது. எல்லாம் முடித்துக் கட்ட விட்டால் திரையில் வரிகள் ஓடிக்கொண்டே இருக்கும், லேப்டாப்பின் அடி தொட முடியாமல் சுடும். கடைசியில் இசட்இமேஜ் என்று ஒரு சின்னக் கோப்பு விழும். அதைப் போனில் ஏற்றி, செட்டிங்ஸில் ‘அபவுட் போன்’ திறந்து, கெர்னல் வெர்ஷன் என்ற வரியைப் பார்க்க வேண்டும். அங்கே 2.6.35.7 என்ற எண்ணுக்குக் கீழே அதைக் கட்டியவரின் பயனர் பெயரும் கணினியின் பெயரும் வரும். லினக்ஸின் ஏற்பாடு அப்படி. கொரியாக்காரர் ஒருவரின் கணினி இருந்த இடத்தில் எங்கள் ஜூனியர் ஒருவனின் பெயரும் ‘பாஸ்’ என்ற கணினிப் பெயரும் வந்தன. தன் பெயரைப் போனின் வயிற்றுக்குள் பார்த்த அவன் அன்று மெஸ்ஸில் எல்லோர் தட்டுக்கும் முன்னால் போனை நீட்டிக்கொண்டே போனான். ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. சாம்பாரில் விழுந்துவிடும், தள்ளி வை என்றார்கள்.

அந்தக் கட்டங்களுக்குப் பின்னால் இருந்த மனிதர்களைப் பற்றிப் பிறகு படித்தபோதுதான் சுவாரசியம் கூடியது. கான் கோலிவாஸ் என்பவர் ஆஸ்திரேலியாவில் மயக்க மருந்து மருத்துவர். நிரல் எழுதுவது அவர் தொழில் அல்ல. மேசைக் கணினிகள் உறைந்து நிற்பது பொறுக்காமல் லினக்ஸில் வேலைகளுக்கு நேரம் பங்கிடும் பகுதியை எழுதத் தொடங்கினார். மையக் குழுவோடு ஒத்துவராமல் 2007-இல் விலகினார். 2009-இல் பிஎஃப்எஸ் என்ற புதிய ஷெட்யூலரோடு திரும்பி வந்தார். அந்த மூன்றெழுத்தின் விரிவை இங்கே எழுத முடியாது, ஆசிரியர் வெட்டிவிடுவார். பெரிய சர்வர்களைப் பற்றிக் கவலைப்படாமல், குறைந்த கோர்கள் உள்ள கணினி கைக்கு உடனே பதில் சொன்னால் போதும் என்று எழுதப்பட்டதால் அது போன் கெர்னல்களுக்குள் பரவியது. லினக்ஸ் அதை அதிகாரபூர்வமாக ஏற்கவே இல்லை. நிதின் குப்தா எழுதிய காம்ப்கேஷ் கதை வேறு மாதிரி. ரேமின் ஒரு பகுதியைச் சுருக்கி அதற்குள் அதிகம் அடைக்கும் உத்தி அது. சயனோஜென்மோடின் செட்டிங்ஸில் அதற்குத் தனிக் கட்டமே இருந்தது. இசட்ரேம் என்று பெயர் மாறி 2014-இல் லினக்ஸ் 3.14-க்குள் முழுமையாகச் சேர்ந்தது. இன்று சாதாரண விலைப் போன்களிலெல்லாம் அது சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

மீடியாடெக் சிப் போட்ட உள்ளூர் பிராண்டு போன்காரர்கள்தான் பாவம். விலை குறைவு, திரை பெரிசு, இரண்டு சிம். ஆனால் அந்தப் போன்களில் பலவற்றுக்குக் கெர்னல் மூலநிரல் வெளிவரவே இல்லை. உரிமம் கேட்டதுதான், யார் போய்க் கேட்பது? இன்னொரு போனின் ரோமை எடுத்து இதன் கெர்னலோடு ஒட்டவைத்து ஏதோ ஓட்டுவார்கள். தப்பான பகுதி அழிந்தால் ஐஎம்இஐ எண் போய்விடும். எல்லாம் வேலை செய்யும், அழைப்பு மட்டும் போகாது. என் அறைக்காரன் ஒருவன் அப்படி ஒரு மாதம் போனை வைத்துப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான்.

இனி ஒன்றும் முடியாது என்றால் ஜங்ஷனில் ஒரு சர்வீஸ் கடை. அண்ணாச்சியிடம் வகை வகையான பாக்ஸ்கள், கழுத்தில் கோர்த்த டாங்கிள்கள். “லோகோவுலயே நிக்கு அண்ணாச்சி” என்று சொன்னால் போனை வாங்கித் திருப்பிப் பார்ப்பார். “சாஃப்ட்வேர் அடிக்கணும். நீங்களே ஆபரேஷன் பண்ணிட்டு எங்கிட்டக் கொண்டாந்தியளாக்கும்?” எங்கள் கல்லூரிதான் தன் கடைக்கு வாடகை கட்டுவதாக வெளிப்படையாகவே சொல்வார். ரோம், கெர்னல் என்றெல்லாம் அவர் பிரிப்பதில்லை. எல்லாமே சாஃப்ட்வேர், எல்லாமே முந்நூறு ரூபாய்.

தமிழுக்காகவும் ரூட் செய்தவர்கள் உண்டு. ஆண்ட்ராய்டு 2.3 போன்கள் பலவற்றில் தமிழ் இணையப் பக்கத்தைத் திறந்தால் கட்டம் கட்டமாகத்தான் வரும். ஒரு வழி, ஓபரா மினி: முகவரிப் பட்டையில் ‘ஓபரா:கான்ஃபிக்’ என்று அடித்து, சிக்கலான எழுத்துகளுக்குப் படமாகக் காட்டு என்ற கட்டத்துக்கு யெஸ் கொடுத்தால் சர்வரே தமிழைப் படமாக்கி அனுப்பும். மற்றது, ரூட் செய்து சிஸ்டத்துக்குள் தமிழ் எழுத்துரு இருக்கும் கோப்பை வைப்பது. கட்டம் போய்விடும். ஆனால் எழுத்துகளைச் சேர்த்துக் கோக்கும் இயந்திரம் உள்ளே இல்லாததால் ‘பெண்’ என்பதில் கொம்பு ப-வுக்குப் பின்னால் போய் நிற்கும். அப்படியும் படித்தோம். கொஞ்ச நாளில் கண் பழகி, சரியாக எழுதியிருந்தால்தான் இடறும். 4.0 வந்த பிறகுதான் கொம்பு முன்னால் வந்தது, அந்த 4.0 எங்கள் போன்களுக்குக் கம்பெனியிலிருந்து வரவே இல்லை. ஏஸில் ஓடிய 4.0 யாரோ முகம் தெரியாதவர்கள் இழுத்துக் கட்டிக் கொடுத்தது.

அதன் பிறகு நடந்ததில் பெருமைக்குரியது அதிகம் இல்லை. 2013-இல் சயனோஜென் கம்பெனியானது. அடுத்த ஆண்டு ஒன்பிளஸ் ஒன் அதன் மென்பொருளோடு வந்தது. இந்தியாவில் அந்த உரிமையை மைக்ரோமேக்ஸுக்குத் தனியாகக் கொடுத்ததால் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போய், 2014 டிசம்பரில் ஒன்பிளஸ் விற்பனைக்கு இடைக்காலத் தடை, சில நாளிலேயே அது நீக்கம் என்று இழுபறி. யாரோ தெரியாதவர்கள் இலவசமாகச் சேர்த்த நிரலுக்கு யாருக்கு எந்த நாட்டு உரிமை என்று வக்கீல்கள் வாதாடியதை அன்றைக்கு நாங்கள் சந்தோஷமாகப் படித்தோம், நம்ம ரோம் கோர்ட் வரைக்கும் போயிருக்கிறது என்று.

2016-இல் எல்லாம் ஒன்றாக வந்தது. ஆகஸ்டில் வங்கிகள் யுபிஐ செயலிகளை வெளியிட்டன. செப்டம்பரில் ஜியோ. நவம்பரில் பணமதிப்பு நீக்கம். டிசம்பர் கடைசியில் சயனோஜென் கம்பெனி சேவைகளை நிறுத்துவதாக அறிவித்தது, கிறிஸ்துமஸை ஒட்டிச் சர்வர்களும் போயின. அதே நிரல் லீனியேஜ் ஓஎஸ் என்ற பெயரில் மறுபடி எழுந்தது. இதில் எங்களை உண்மையில் நிறுத்தியது யுபிஐதான் என்று நினைக்கிறேன். போன் பணப்பையானதும் பூட்லோடர் என்ற தொடக்கப் பூட்டைத் திறந்த போனை வங்கிச் செயலிகள் உள்ளே விடவில்லை. அதைச் சோதிக்க முதலில் கூகுளின் சேஃப்டிநெட், இப்போது ப்ளே இன்டெக்ரிட்டி. கெர்னலை நாமே கட்டினால் கம்பெனியின் கையொப்பம் பொருந்தாது. பொருந்தாவிட்டால் கூகுள் சான்று தராது. மேஜிஸ்க் என்று ஒன்றை வைத்துக் கொஞ்ச காலம் மறைத்து ஓட்டினார்கள். அதை எழுதிய ஜான் வூ 2021-இல் கூகுளிலேயே வேலைக்குச் சேர்ந்தார்.

இதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். அப்பாவின் பென்ஷன் வரும் போனில் நானே ரோம் மாற்ற விட மாட்டேன். ஆனால் பாதுகாப்பு அப்டேட் நின்று பல வருடமான போன் பூட்டு உடையாமல் இருந்தால் சான்று கிடைக்கிறது. போன மாதத்து அப்டேட் வரைக்கும் ஏற்றிய லீனியேஜ் போனுக்குக் கிடைக்காது. பாதுகாப்பு என்ற பெயரில் பார்க்கப்படுவது யார் கையொப்பம் என்பதைத்தான்.

தேவையும் குறைந்துவிட்டது, அதை மறுக்க முடியாது. இடம் இப்போது ஜி.பி. கணக்கில்தான் தொடங்குகிறது. நோட்டிபிகேஷன் பட்டையில் வைஃபை பட்டன், ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனி அனுமதி, எல்லாம் ரோம்களில் முதலில் பார்த்தவை, பின்னால் கூகுளே எடுத்துக்கொண்டது. 2017-இல் ஆண்ட்ராய்டு 8-இல் ட்ரெபிள் என்ற ஏற்பாடு சிப் கம்பெனியின் கோப்புகளைத் தனியாகப் பிரித்து வைத்தது. கேமரா ஏன் வேலை செய்யவில்லை என்று நாங்கள் முட்டிக்கொண்ட சுவருக்கு அது ஒரு கதவு. கதவு வைத்த அதே கை மற்ற இடங்களில் அடைக்கிறது: 2025 ஜூனில் ஆண்ட்ராய்டு 16-இன் மூலநிரல் வந்தபோது கூகுளின் பிக்சல் போன்களுக்கு ரோம் கட்டத் தேவையான டிவைஸ் ட்ரீ கோப்புகள் அதோடு வரவில்லை. ரோம் செய்பவர்கள் பிக்சலை நம்பி இருந்ததே அந்தக் கோப்புகள் கிடைத்ததால்தான்.

கெர்னலில் தன் பெயரைப் பார்த்த அந்த ஜூனியர் இப்போது பெங்களூரில் இருக்கிறான். கெர்னல் வேலைதான், கார்களுக்குள் போகும் லினக்ஸ். லீனியேஜ் ஏற்றிய போன் ஒன்றும், பூட்டு உடைக்காத மலிவு விலைப் போன் ஒன்றும் வைத்திருக்கிறான். போன பொங்கலுக்கு ஊருக்கு வந்தவனோடு வண்ணார்பேட்டையில் டீ குடித்தேன். டீக்காரர் க்யூஆர் அட்டையைக் காட்டினார். இவன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, பிறகு உள்ளே வைத்துவிட்டு, தோள்பையின் ஒவ்வொரு ஜிப்பாகத் திறந்து தேடினான்.

“இதுல யுபிஐ வராதுண்ணே. காசு போன் உள்ள கெடக்கு.”

டீக்காரர் எங்கள் இருவரையும் பார்த்தார். நான் இருபது ரூபாய் நோட்டை எடுத்துக் கொடுத்தேன். காசு போன் கிடைத்தபோது அதில் சார்ஜ் இல்லை. கவர்னர் என்ன போட்டிருக்கிறாய் என்று கேட்டேன். அதில் மாற்ற முடியாது அண்ணே என்றான்.